தொழுநோயாளரின் தோழர் காக்ரேன்

புதியதொன்றைக் கண்டறிந்தாரை உலகம் கொண்டாடும். பிறர் கண்டறிந்து, பயனில்லையென்று ஒதுக்கிய ஒன்றை மீண்டும் கையிலெடுத்து, அதற்குரிய இடம் இதுவெனக் காட்டியவரையோ அது விரைவில் மறந்துவிடும். மருத்துவத்தின் வரலாற்றை நோக்குவார்க்கு இவ்வுண்மை நன்கு விளங்கும். நம் தமிழ்நாட்டிலே, செங்கற்பட்டுக்கு அண்மையிலுள்ள திருமணி என்னுஞ் சிற்றூரிலே, மாட்டு மருந்தாய்க் கிடந்த ஒன்றைத் தொழுநோய்க்கு மருந்தாக்கிய டாக்டர் ராபர்ட் கிரீன்ஹில் காக்ரேன் என்பாரின் வாழ்க்கையைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதனை எழுதுமாறு நம்மைத் தூண்டியது நம் ஊர்ப்பக்கமே. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவை அறியாதார் இலர். பாலால் வாழும் அவ்வூரில் மடிநோய் என்னுஞ் சொல் சிறுவர்க்குந் தெரியும். பசுவின் மடி வீங்கிச் சிவக்கும். பால் திரிந்து வரும். சில வேளைகளில் இரத்தமுங் கலந்து வரும். ஒரு மாட்டை நம்பிப் பிழைக்குங் குடும்பத்தார் அந்நாளிற் கலங்கிப்போவர். இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியிலோ, புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்வது பெருந்தொழிலாய் நடைபெறுகின்றது. மடிநோய்க்குரிய மருந்தும், புண்ணைச் சுற்றுந் துணியும் ஒருங்கே வந்து சேரும் வரலாறு ஒன்றைப் படித்தபோது, அதனை நம் கல்லூரி நண்பர்க்குச் சொல்லாதிருக்க நம்மால் இயலவில்லை. வேறொரு காரணமும் உண்டு. அதனை இறுதியிற் கூறுவோம்.

பிறப்பும் கல்வியும்

காக்ரேன் 1899-ஆம் ஆண்டு சீன நாட்டிற் பிறந்தார். அவர்தம் தந்தையார் தாமஸ் காக்ரேன், இலண்டன் மிஷன் சங்கத்தின் மருத்துவராய் அந்நாட்டிற் பணியாற்றியவர். மகன் பிறந்த மறு ஆண்டே பாக்ஸர் கலகம் மூண்டது. அயல்நாட்டாரும் சீனக் கிறிஸ்தவரும் பலர் உயிரிழந்த அக்கொடுங்காலம் கழிந்தபின், தந்தையார் மனந்தளராது பீகிங் நகர் சென்று மருத்துவமனையை மீண்டும் நிறுவினார். 1906-இல் அந்நகரிலே பல மிஷன்கள் ஒன்றுகூடி நடத்தும் மருத்துவக் கல்லூரி ஒன்று தோன்றுதற்கும் முதற் காரணராயினார். நோயாளருக்கு உழைப்பதும், உழைப்பாரைப் பயிற்றுவிப்பதும் ஆகிய இரண்டும் இக்குடும்பத்தின் மரபு என்பதை இதனால் அறியலாம்.

மகனார் கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தில் மருத்துவங் கற்று 1924-இற் பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற இளைஞர்க்குத் தாயகத்திலேயே நல்ல வருவாயும் மதிப்பும் கிட்டியிருக்கும். அவரோ, தொழுநோயாளர் மிஷன் என்னும் சங்கத்தின் சார்பில் அவ்வாண்டே இந்தியாவுக்கு வந்தார். அக்காலத்தில் தொழுநோய் மருத்துவம் என்பது மருத்துவர் பலரும் விரும்பாத துறை. தீராத நோயைத் தீர்க்கச் செல்வானேன் என்பது பெரும்பாலோர் எண்ணம். சில ஆண்டுகள் இந்நாட்டில் இருந்து நோயின் இயல்பைக் கண்டறிந்த பின்னர், பிரிட்டிஷ் ஏகாதிபத்தியத் தொழுநோய் நிவாரணச் சங்கத்தின் செயலாளராய் இலண்டனில் இருந்தும் பல நாடுகளுக்குச் சென்றும் பணிபுரிந்தார். 1931-இல் மணிலா நகரிற் கூடிய மாநாட்டில் அனைத்துலகத் தொழுநோய்ச் சங்கம் பிறந்தபோது அதன் செயலாளர் பொறுப்பும் அவரையே சார்ந்தது.

நோயின் இயல்பு

அவர் செய்த தொண்டின் அருமையை உணர்தற்கு, நோயைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் என்பார் 1873-இல் இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரைக் கண்டார். இது பரம்பரையாய் வருவதன்று, பாவத்தின் கூலியுமன்று, காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு கிருமியால் வருவதே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இக்கிருமி மிக மெல்லப் பெருகுவது. ஒன்று இரண்டாவதற்கு ஏறத்தாழ இரண்டு வாரஞ் செல்லும். மாந்தருட் பெரும்பாலோர்க்கு இதனை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. ஆகவே பிற தொற்றுநோய்களைப்போல் இஃது எளிதிற் பரவுவதன்று.

தொழுநோயால் விரல் அழுகி விழுமென்று மக்கள் நம்பி வந்தனர். உண்மை வேறு. கிருமி தோலையும் நரம்பையும் பற்றுகின்றது. நரம்பு கெட்டவிடத்தில் உணர்ச்சி மாய்கின்றது. உணர்ச்சியற்ற கை அடுப்பிலுள்ள பாத்திரத்தின் சூட்டை அறியாது. உணர்ச்சியற்ற கால் முள்ளையும் ஆணியையும் அறியாது. சுட்ட புண்ணும் தைத்த புண்ணும் நோவின்மையாற் கவனிக்கப்படாமற் சீழ்கொண்டு, எலும்பையும் அரித்து, விரலைக் குறுக்கிவிடும். நோவு என்பது இறைவன் நமக்கு வைத்த காவலாள். அக்காவலாளை இழந்ததே தொழுநோயாளர் அடைந்த இழப்பு. இதனை அறியாத உலகம், அழுகுகின்றவர் என்று அவர்களை ஊருக்குப் புறத்தே தள்ளிற்று. நம் வேதாகமம் காட்டும் அந்நாள் முதல் இந்நாள்வரை இக்கொடுமை மாறாதிருந்தமை நாம் வெட்கத்துடன் ஒப்புக்கொள்ளவேண்டிய செய்தியாம்.

அன்றிருந்த மருந்து யாது எனின், நீரடிமுத்து முதலிய வித்துக்களினின்றும் எடுக்கும் எண்ணெயே. நம் நாட்டார் பண்டுதொட்டு அறிந்த இவ்வெண்ணெயை மேனாட்டு மருத்துவர் தூய்மை செய்து ஊசிவழியே தோலிலும் தசையிலும் செலுத்தினர். வாரந்தோறும் பல இடங்களிற் குத்தவேண்டும்; வீக்கமும் நோவும் மிகும். நோயின் தொடக்கத்திலிருந்தார் சிலர்க்கு நலங் கிடைத்ததாக மருத்துவர் கருதினர். முற்றிய நோயாளர்க்கோ ஆண்டுக்கணக்காய்க் குத்தியும் பயன் காண்டலரிது. காக்ரேனும் இவ்வெண்ணெயையே நம்பிப் பல ஆண்டுகள் உழைத்தவர். ஒருவர் தம் கையாற் பல்லாண்டு பயன்படுத்திய மருந்தைவிட்டு வேறொன்றை நாடுவது, நாம் எண்ணுவதுபோல் எளிய செயலன்று.

செங்கற்பட்டில்

1935-ஆம் ஆண்டு அவர் செங்கற்பட்டு லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனையின் தலைமை மருத்துவராய் வந்தமர்ந்தார். சென்னை மாகாணத்து ஆளுநராயிருந்த வில்லிங்டன் பிரபுவின் மனைவியார் பெயரால், அரசாங்கத்தின் உதவியுடன் அமைந்த இம்மருத்துவமனையை ஸ்காட்லாந்துத் திருச்சபை மிஷனார் நடத்திவந்தனர். ஊரார் விட்டகன்ற மக்களுக்கு இதுவே ஊராயிற்று. காக்ரேன் இங்கு மருத்துவத்தோடு நில்லாமல், நோயை வகைப்படுத்துவதிலும், நோய்பற்றிய தோலை நுண்ணோக்கியால் ஆராய்வதிலும், சிறுவர்களிடம் நோய் தோன்றும் முறையைக் கவனிப்பதிலும், மருத்துவர்க்கும் மருத்துவ மாணவர்க்கும் இந்நோயைக் கற்பிப்பதிலும் தம் காலத்தைச் செலவிட்டார். தொழுநோய் ஒதுக்கிவைத்துப் படிக்கவேண்டிய தனிப்பொருளன்று, ஏனைய நோய்களைப்போல் மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றிலும் கற்பிக்கப்படவேண்டிய ஒரு நோயே என்பது அவரது உறுதியான கொள்கை.

ஒதுக்கப்பட்ட மருந்து

இனி, மருந்தின் கதைக்கு வருவோம். ஜெர்மனியில் பிரைபர்க் நகரத்துப் பேராசிரியர் எமில் பிராம் என்பாரும் அவருடனுழைத்த விட்மன் என்பாரும் 1908-இல் ஒரு வேதிப்பொருளை ஆக்கினர். டாப்சோன் என்று இன்று வழங்கும் பொருள் அதுவே. அவர்கள் மருந்து தேடினாரல்லர். சாயப்பொருள்களுக்கு உறவான வேதிப்பொருள்களை ஆராய்ந்தனர். ஆக்கிய பொருளின் இயல்பை எழுதி வைத்தனர். அத்துடன் அது முடிந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அது நோயாளர் எவரையும் நாடாமல் ஏட்டிலேயே உறங்கிற்று.

1935-இல் டோமாக் என்னும் ஜெர்மானிய அறிஞர், பிராண்டோசில் என்னும் செந்நிறச் சாயம் சீழ்க்கிருமிகளால் வருங் காய்ச்சலைத் தடுத்தலை வெளியிட்டார். அச்சாயத்தின் உள்ளே மறைந்து நின்று வேலைசெய்தது சல்பனிலமைடு என்பதைப் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தார் அவ்வாண்டே காட்டினர். உடனே அறிஞர் அனைவரும் கந்தகங் கலந்த பழைய சேர்மங்களையெல்லாம் தேடி எடுத்தனர். 1937-இல் இங்கிலாந்தில் பட்டில் என்பார் குழுவினரும், பிரான்சில் பூர்னோ என்பார் குழுவினரும் தனித்தனியே டாப்சோனைச் சுண்டெலிகளிற் சோதித்தனர். கிருமியைத் தடுக்கும் வன்மை சல்பனிலமைடினும் அதற்குப் பன்மடங்கு மிக்கிருந்தது. நஞ்சும் அவ்வாறே மிக்கிருந்தது. மாந்தர்க்குக் கொடுத்தபோது, சல்பனிலமைடுக்குரிய பேரளவிலேயே கொடுத்தனர். குருதி குன்றிற்று, தோல் நீலம் பாரித்தது. எனவே மாந்தர்க்கு ஆகாதென்று டாப்சோன் தள்ளப்பட்டது. குற்றம் மருந்தினுடையதன்று, அளவினுடையது என்பதை அன்று உணர்ந்தார் மிகச் சிலரே. கால்நடை மருத்துவர் மட்டும் பசுக்களின் மடிநோய்க்கு அதனைக் கைக்கொண்டனர்.

இதற்கிடையில் அமெரிக்காவில் அம்மருந்தின் நஞ்சைத் தணிப்பதற்காகப் பிராமின் என்னும் திரிபொன்றை ஆக்கினர். காசநோய்க் கிருமியை விலங்குகளில் அஃது எதிர்த்தது. காசநோய்க் கிருமியும் தொழுநோய்க் கிருமியும் ஓரினம் என்பதை எண்ணி, லூசியானா மாகாணத்துக் கார்வில் மருத்துவமனையில் டாக்டர் கை பேஜட் 1941-இல் அதனைத் தொழுநோயாளர்க்குக் கொடுத்துப் பார்த்தார். ஆறாப் புண்கள் ஆறின. 1943-இல் அச்செய்தி வெளியாயிற்று. தொழுநோய் மருத்துவ வரலாற்றில் விடியல் இதுவே. ஆயினும் பிராமினை நாடோறும் நரம்புவழியே, அஃதாவது இரத்தக் குழாயிலே, செலுத்தவேண்டும், விலையும் மிகுதி. சில நூறு நோயாளரையுடைய கார்வில்லுக்கு அது பொருந்தும். பல இலட்சம் நோயாளரையும் சிற்சில மருத்துவரையும் உடைய இந்தியாவுக்கு அஃது எங்ஙனம் பொருந்தும்?

காக்ரேனின் துணிவு

இவ்வினாவுக்கு விடை தேடியவரே நம் காக்ரேன். விலையுயர்ந்த திரிபுகள் உடலிற் சென்று பெரும்பாலும் தாய்ப்பொருளாகிய டாப்சோனாகவே மாறி வேலைசெய்கின்றன எனின், தாய்ப்பொருளையே ஏன் கொடுத்தலாகாது? பசுக்களுக்குக் கொடுத்து வருகின்றனர். பசுக்கள் அதனைத் தாங்குகின்றன. அளவைக் குறைத்தால் மனிதன் மட்டும் தாங்கானோ? இவ்வாறெண்ணிய அவர், 1946-ஆம் ஆண்டளவில் மடிநோய்க்கு வழங்கிய அம்மருந்தையே வருவித்துத் திருமணியிற் சோதனையைத் தொடங்கினார்.

அவர் கையாண்ட முறையும் எளியதே. நீரிற் கரையாத அம்மருந்தை நுண்ணிய பொடியாக்கி, நூற்றுக்கு இருபத்தைந்து பங்காக நிலக்கடலை எண்ணெயிற் கலந்து ஊசியாற் செலுத்தினார். எண்ணெயிற் கலந்த மருந்து தசையிற் பதுங்கியிருந்து சிறிது சிறிதாகக் குருதியிற் கசியும். ஆகையால் நாடோறும் ஊசியிடவேண்டுவதில்லை. இரத்தக் குழாயைத் தேடிக் குத்தும் அருமையுமில்லை. கடலையெண்ணெய் தமிழ்நாட்டிற் கிடைத்தற்கரிய பொருளோ? வறிய நாட்டின் கையிலிருந்ததைக் கொண்டே வறியவர்க்கு மருந்தமைத்தார் எனலாம்.

மாதங்கள் செல்லச் செல்ல நோயாளர் முகத்திலிருந்த கட்டிகள் தணிந்தன; புண்கள் ஆறின; தோலிற் கிருமிகள் குறைந்து வந்தமை நுண்ணோக்கியிற் புலனாயிற்று. நீரடிமுத்து எண்ணெயாற் பயன்பெறாத முற்றிய நோயாளருக்கே இப்பயன் கிட்டியது என்பதை நாம் கருதவேண்டும்.

இங்கு ஒரு வினா எழும், எழுதல் வேண்டும். மாட்டு மருந்தை மனிதர்க்கிடுதல் அறமாகுமா? உலகத்தாற் கைவிடப்பட்டு, போக்கிடமின்றி மருத்துவமனையே கதியென்று கிடந்த மக்களைச் சோதனைக்குரியராக்குவது நியாயமாகுமா? சோதனைக்குட்படுவோரின் ஒப்புதலைப்பற்றி இன்றுள்ள விதிகள் அன்றில்லை என்று கூறி இதனை நாம் கடந்துவிடலாகாது. தீங்குகளும் நேர்ந்தன. சிலருக்குக் குருதி குன்றிற்று. சிலருக்குத் தோலில் தடிப்பும் காய்ச்சலும் தோன்றின. நோயே சினந்தெழுந்தாற்போல் வீக்கங்கள் கண்டாரும் உளர். காக்ரேனும் அவருடனுழைத்த மருத்துவரும், டாப்சோனோடு ஏனைய சல்போன் மருந்துகளையும் இரண்டரை ஆண்டுக்காலம் சோதித்து, நன்மையுந் தீமையும் ஆகிய இரண்டையும் 1949-இல் விரிவாக எழுதி வெளியிட்டனர். தீமையை மறையாது எழுதியதனாலேயே பிறர் அதனைக் குறைக்க வழி கண்டனர். துணிவு அறமாவது, அதன் பின்னே உண்மை நிற்கும்போதுதான் என்பது நம் கருத்து.

அவ்வழியை முடித்தவர் இந்தியாவில் முன்னர்ப் பணிசெய்த ஜான் லோ என்னும் மருத்துவர். அவர் நைஜீரியா நாட்டு உசுவாகோலியில், நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம் என்னுஞ் சிற்றளவே போதுமென்றும், அதனை வாய்வழியாகவே கொடுக்கலாமென்றும் காட்டினார். முற்காலத்தார் நஞ்சென்று தள்ளிய அளவில் இது பத்திலொரு பங்கிலுங் குறைவு. அதன்பின் ஊசியும் வேண்டாவாயிற்று. சின்னஞ்சிறு வெள்ளை மாத்திரை, ஏழைக்கும் எட்டும் விலையில், உலகமெங்கும் சென்றது.

அம்மருந்து வேலைசெய்யும் வகை பின்னர் விளங்கிற்று. கிருமி தன் வாழ்வுக்கு வேண்டிய ஃபோலிக் அமிலத்தைத் தானே சமைத்துக்கொள்வது. அதற்கு வேண்டிய மூலப்பொருளைப் போன்ற உருவத்தையுடையது டாப்சோன். கிருமியின் சமையலறையில் இப்போலிப் பொருள் புகுந்து இடத்தைப் பிடித்துக்கொள்ள, சமையல் நின்றுவிடுகின்றது. கிருமி பெருகாது ஒடுங்குகின்றது. மனிதனோ அவ்வமிலத்தைச் சமைப்பவனல்லன். கீரை முதலிய உணவினின்றும் பெறுபவன். ஆதலின் இவ்வகையால் அவனுக்குக் கேடில்லை.

வேலூரும் புதிய கைகளும்

செங்கற்பட்டிற் பணிசெய்த இக்காலத்திலேயே 1944 முதல் 1948 வரை வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் தலைமைப் பொறுப்பும் அவர்பால் வந்தது. அயிடா ஸ்கடர் அம்மையார் பெண்களுக்கென வளர்த்த அப்பள்ளி, பல்கலைக்கழகப் பட்டத்துக்குரிய கல்லூரியாக உயர்ந்துகொண்டிருந்த நெருக்கடியான காலம் அது. ஆசிரியரும் கட்டடமும் கருவிகளும் போதாக் குறை. தக்க ஆசிரியரைத் தேடிக் காக்ரேன் கடல் கடந்துஞ் சென்றார். அங்ஙனம் அவர் தேடிக் கொணர்ந்தவருள் ஒருவர் பால் பிராண்ட் என்னும் இளம் அறுவை மருத்துவர். 1946-இன் இறுதியில் அவர் வேலூர் வந்தார். 1947 முதல் அக்கல்லூரியில் ஆடவரும் மாணவராய்ச் சேரலாயினர்.

1947-இல் பிராண்ட் திருமணிக்கு வந்தபோது, முடங்கிய கைகளையுடைய நோயாளர் பலரைக் கண்டார். இக்கைகளை நிமிர்த்த எவரும் முயலாததேன் என வினவினார். எலும்பு முறிவையும் இளம்பிள்ளை வாதத்தையும் ஆராய்வார் பலர். தொழுநோயாளர் கையை ஆராய்வார் ஒருவருமிலர் என்று காக்ரேன் அவருக்கு உணர்த்தினார். அங்கே ஒரு நோயாளரின் வளைந்த கையைப் பற்றிய பிராண்ட், அப்பிடியின் வன்மையால் தம் கை நொந்ததை உணர்ந்து வியந்தார். எல்லாத் தசையுங் கெடவில்லை. நல்ல தசைகள் அக்கைக்குள்ளேயே இருக்கின்றன என்பது அவருக்கு விளங்கிற்று. பின்னர் வேலூரில், கெடாத தசையின் நரம்புநாணை எடுத்து, கெட்ட தசை செய்துவந்த வேலைக்கு அதனை மாற்றிக் கட்டும் அறுவை முறையை அவர் வகுத்தார். மூடிய கைகள் திறந்தன. இருக்கின்ற மருந்துக்குப் புதுவேலை தந்தார் காக்ரேன்; இருக்கின்ற தசைக்குப் புதுவேலை தந்தார் பிராண்ட். இரண்டும் ஒரே திருமணியில் வேரூன்றியவை.

பிற்காலம்

1950-களின் தொடக்கத்திற் காக்ரேன் இங்கிலாந்துக்குத் திரும்பி, தொழுநோய்பற்றி அந்நாட்டு அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறுபவராய் இருந்தார். 1959-இல் அவர் வெளியிட்ட பெருநூல் தொழுநோய் மருத்துவர் அனைவரும் கற்கும் நூலாயிற்று. 1964-இல் டேவி என்பாருடன் சேர்ந்து அதனை விரிவாக்கி வெளியிட்டார். அவர் உழைத்த திருமணி மருத்துவமனையை 1955-இல் இந்திய அரசாங்கம் ஏற்று, மத்திய தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிலையமாக்கிற்று. 1985-ஆம் ஆண்டு, ஏறத்தாழ எண்பத்தாறு வயதில், காக்ரேன் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

மருந்தின் கதை அவருடன் முடிந்ததன்று. தனி ஒரு மருந்தையே நெடுங்காலம் கொடுத்தால் கிருமி அதற்கு இணங்காது பழகிக்கொள்ளும். டாப்சோனுக்கு அடங்காத தொழுநோய்க் கிருமி உண்டென்பது 1964-இல் மலாய் நாட்டில் ஐயத்துக்கிடமின்றி மெய்ப்பிக்கப்பட்டது. 1981-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிஞர் குழு, டாப்சோனுடன் ரிபாம்பிசின், குளோபசிமின் ஆகியவற்றையுஞ் சேர்த்துக் கொடுக்குமாறு கூறிற்று. இவற்றுள் குளோபசிமின் அயர்லாந்தில் காசநோய்க்கென 1954-இல் ஆக்கப்பட்டு, அந்நோய்க்கு உதவாதெனக் கைவிடப்பட்டுப் பின்னர்த் தொழுநோய்க்கு வந்து சேர்ந்தது. விந்தை யாதெனின், ஏனைய மருந்துகளுக்கு அடங்காத காசநோய்க்கு இன்று அதனையே மீண்டும் பயன்படுத்துகின்றனர். தள்ளுண்டது ஒருமுறையன்று, இருமுறை எழுந்தது!

கிருமிகள் மருந்துகளை வென்றுவரும் இந்நாளில் புதிய மருந்து காண்பதற்குப் பல ஆண்டும் பெரும்பொருளும் வேண்டியிருத்தலால், பழைய மருந்துகளை மீண்டும் துருவிப் பார்க்கும் முயற்சி உலகெங்கும் நடைபெறுகின்றது. 2020-இல் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார், கணினியைக் கொண்டு ஏறத்தாழ 6,000 சேர்மங்களை ஆராய்ந்து, நீரிழிவுக்கென எண்ணிக் கைவிடப்பட்ட ஒன்று அடங்காக் கிருமிகள் பலவற்றைக் கொல்லுதலைக் கண்டனர். ஹாலிசின் என்று அதற்குப் பெயரிட்டனர். சுண்டெலிகளில் அது பயன் தந்துளது. மாந்தர்க்கு மருந்தாவதற்கு இன்னுஞ் சோதனைகள் பல வேண்டும். கணினி செய்யும் இவ்வேலையைக் காக்ரேன் கண்ணாலும் கருத்தாலும் செய்தார் என்க.

முடிவுரை

முதலிற் கூறாதுவிட்ட காரணத்தை இனிக் கூறுவோம். நாம் சிறுவராயிருந்தபோது, ஆடிப்பூரத் தேர் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்வதுண்டு. தேர்வீதியின் ஓரத்தில் விரல் குறுகிய கைகளில் துணி சுற்றி ஒரு முதியவர் அமர்ந்திருப்பார். ஒருமுறை அவருக்குக் காசு கொடுக்குமாறு நம்மிடம் ஒரு நாணயம் தரப்பட்டது. நாம் அதனை அவர் கையில் வைத்தோமில்லை. எட்ட நின்று வீசினோம். அது தகரக்குவளையில் விழாமல் மண்ணில் உருண்டது. அவர் குறுகிய கையால் அதனைத் துழாவி எடுத்ததை நாம் பார்த்துக்கொண்டே நின்றோம்; பின்னர்க் கூட்டத்துள் ஓடிப்போனோம்.

காக்ரேனின் வரலாற்றைப் படித்தபோது நாம் அறிந்தது இது: மருந்து உண்டு நோய் நீங்கியவர்க்கும் முன்னரே கெட்ட நரம்பும் குறுகிய விரலும் மீளா. வடிவைக் கண்டு நோயென்று நாம் அஞ்சுகின்றோம். பெரும்பாலும் நாம் காண்பது நோய் சென்றபின் நிற்கும் வடுவே. நோயுள்ளவரும் மருந்துண்ணத் தொடங்கிய சில நாட்களில் பிறர்க்குத் தொற்றுந் தன்மையை இழக்கின்றனர். அம்முதியவர் கையை நாம் தொட்டிருந்தால் நமக்கு ஒன்றும் நேர்ந்திராது. அவர் கையிற் சுற்றியிருந்த துணி ஒருவேளை நம் பக்கத்துத் தறியிலேயே நெய்யப்பட்டதாயிருக்கலாம். நம் ஊர்த் துணி அஞ்சாமல் தொட்ட கையை நாம் தொட அஞ்சினோம்.

இவ்வச்சம் நம்முடையது மட்டுமன்று. பத்தாயிரவர்க்கு ஒருவர்க்குங் குறைவென்னும் நிலையை இந்தியா 2005-இன் இறுதியில் அடைந்தது. எனினும் ஆண்டுதோறும் ஏறத்தாழ ஓரிலட்சம் பேரிடம் இந்நோய் புதிதாய்க் காணப்பட்டு வருகின்றது. அவருட் சிலர் வெட்கத்தால் மறைத்து, காலந்தாழ்த்தி, கையை இழந்த பின்னரே மருத்துவமனையை நாடுகின்றனர். திருமணியில் மருந்து கண்டது 1946-இல். தொழுநோயைக் காரணங்காட்டிக் கணவனோ மனைவியோ மணவிலக்குக் கோரலாமென்று நம் நாட்டுச் சட்டங்களில் இருந்த விதி நீங்கியதோ 2019-இல். கிறிஸ்தவர்க்குரிய மணவிலக்குச் சட்டத்திலும் அவ்விதி இருந்தது. உடலினின்று கிருமியை நீக்குவதைக் காட்டிலும் உள்ளத்தினின்று அச்சத்தை நீக்குவது கடினம் என்பதற்கு இவ்விரண்டு ஆண்டுகளும் சான்றாகும்.

மாணவ நண்பர்களே! நம்மிற் பலர் மருத்துவராகப்போவதில்லை. மருந்து காணும் பேறு நமக்கு இல்லாமற்போகலாம். ஆயினும் ஒதுக்கப்பட்டதை ஒருமுறை எடுத்து நோக்குதல் எவர்க்கும் இயலும். அடுத்த ஆடிப்பூரத்துக்கு நாம் ஸ்ரீவில்லிபுத்தூர் செல்வோம். அம்முதியவர் இன்னும் அங்கிருப்பார் என்று எதிர்பார்த்தற்கில்லை. அவர் இடத்தில் வேறொருவர் இருப்பாராயின், காசை வீசமாட்டோம். அருகில் அமர்ந்து, கையில் வைப்போம்.